பல்செட் மாட்டிய பின் பேச்சு பழக: பயனுள்ள குறிப்புகள்

பல் கட்டிக்கொண்டவர்கள் முதலில் கவலைப்படுவது சாப்பாட்டைப் பற்றித்தான். ஓரிரு நாளில் அந்தக் கவலை பேச்சுக்கு மாறிவிடும். ‘ஸ்’ சீறும், ‘த’ தடித்து வரும், போனில் மகள் “என்னப்பா சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க” என்பாள். உடனே செட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, கல்யாணம் காட்சிக்கு மட்டும் மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. பேச்சு திரும்பி வருவதைத் தள்ளிப்போடுவது அந்த வழக்கம்தான். செட்டை மாட்டிக்கொண்டு பேசப் பேசத்தான் நாக்கு பழகும். அதே சமயம் எல்லாவற்றையும் “போகப் போகச் சரியாயிடும்” என்று பொறுத்துக்கொண்டு கிடப்பதும் தவறு. சில குறைகள் பழக்கத்தால் தீரும். சில குறைகள் மருத்துவர் செட்டில் கைவைத்தால்தான் தீரும். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேதனை குறையும். முழு செட்டை மனத்தில் வைத்தே இந்தக் குறிப்புகளை எழுதியிருக்கிறேன். இரண்டு மூன்று பல் மட்டும் கட்டிக்கொண்டவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. மெழுகில் பார்க்கும் நாளிலேயே பேசிப் பாருங்கள். செட் முழுதாகத் தயாராகும் முன்பு, பற்களை மெழுகில் பதித்து வாயில் வைத்து ‘ட்ரையல்’ பார்ப்பார்கள். அன்று பலரும் கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு “நல்லா இருக்கு டாக்டர்” என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்த நாள் பேச்சுக்கும் உரியது. மெழுகு நிலையில் ஒரு பல்லைக் கொஞ்சம் முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ சில நிமிடங்கள் போதும். அக்ரிலிக்காக வார்த்து இறுகிய பிறகு அதே மாற்றம் பெரிய வேலை. ஆங்கிலத்தில் 60 முதல் 70 வரை எண்ணச் சொல்லி ‘ஸ்’ ஒலியையும், 50 முதல் 60 வரை எண்ணச் சொல்லி ‘ஃப’, ‘வ’ ஒலிகளையும் சோதிப்பது பல் மருத்துவர்களிடம் வெகு நாளாக உள்ள முறை. தமிழில் எண்ணினால் அந்தச் சோதனை பலிக்காது. அறுபதிலும் எழுபதிலும் ‘ஸ்’ இல்லை. ஆங்கில எண் வராதவர்கள் ‘பஸ் ஸ்டாண்டு’, ‘போலீஸ் ஸ்டேஷன்’, ‘சர்க்கஸ்’ என்று சொல்லிப் பார்க்கலாம். ‘ஸ்’ சொல்லும்போது மேல், கீழ் முன்பற்கள் மிக நெருங்கி வர வேண்டும். ஒன்றையொன்று முட்டக் கூடாது. உங்கள் குரலை நன்றாகத் தெரிந்த ஒருவரை, மனைவியையோ மகனையோ, கூட அழைத்துப் போங்கள். பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் உங்கள் ஊர்ப் பெயரையும் சொல்லிப் பாருங்கள். நாளைக்கு நூறு தடவை சொல்லப்போகும் சொற்கள் அவைதானே!

2. உங்கள் தொழிலையும் பழக்கத்தையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆசிரியர், வக்கீல், ஓதுவார், மேடைப் பேச்சாளர், கச்சேரி செய்பவர், நாகசுரமோ புல்லாங்குழலோ வாசிப்பவர் என்றால் முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும். பற்களை எங்கே நிறுத்துவது, அண்ணத்தை மூடும் தகட்டை எவ்வளவு மெல்லியதாக வைப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்து மாறலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு ‘ஸ்’ ஒலி இயல்பிலேயே கொஞ்சம் குழறும். வானொலியில் அவருடைய குரலுக்கு அந்தக் குழறலும் ஓர் அடையாளமாக இருந்தது. அது போய்விடாதபடிதான் அவருடைய பல்செட்டை வடிவமைத்தார்கள். அவற்றில் ஒன்று லண்டனில் அறுவை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மனிதரின் குரலுக்கு ஏற்பச் செட்டை அமைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். “எனக்கு இப்படிப் பேச வர வேண்டும்” என்று கேட்பது உங்கள் உரிமை.

3. எச்சில் ஊறினால் துப்பாதீர்கள். புதிதாக வாய்க்குள் வந்த பொருளை உணவு என்று எடுத்துக்கொண்டு, முதல் சில நாட்கள் எச்சில் நிறையச் சுரக்கும். பேச்சு கொழகொழவென்று வருவதற்கு அதுவே பாதிக் காரணம். அடிக்கடி துப்பினால் செட்டும் அசையும், பேச்சும் அறுபடும். விழுங்கிப் பழகுங்கள். தானாகக் குறைந்துவிடும்.

4. வாய் திறக்கும் முன் ஒரு முறை விழுங்குங்கள். மேல், கீழ் பற்களை மெதுவாகச் சேர்த்து வைத்து, எச்சிலை விழுங்கி, பிறகு பேசத் தொடங்குங்கள். விழுங்கும்போது இரண்டு செட்டும் ஈற்றில் சரியாக உட்காரும். போன் எடுப்பதற்கு முன், வாசலில் வந்தவருக்குப் பதில் சொல்வதற்கு முன் இதைச் செய்தால் முதல் சொல் தெளிவாக விழும். முதல் சொல் நன்றாக வந்துவிட்டால் மற்றவற்றுக்குத் தைரியம் வந்துவிடும்.

5. நாக்கு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட் குதிரை லாட வடிவில் இருப்பதால் அதற்குப் பிடிமானம் குறைவு. நாக்கு, கன்னம், கீழுதடு மூன்றும் சேர்ந்துதான் அதை இடத்தில் நிறுத்த வேண்டும். பல் இல்லாமல் வெகு காலம் இருந்தவர்களுக்கு நாக்கு அகலமாகப் பரவிக் கிடக்கும். கீழ் செட் வந்ததும் அதைத் தூக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். செட்டைக் கண்டு பயந்து நாக்கைத் தொண்டைப் பக்கம் இழுத்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் கீழ் செட்டைத் தூக்கிவிடும். சும்மா இருக்கும்போது நாக்கின் நுனி கீழ் முன்பற்களின் உட்புறத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு, நாக்கின் ஓரங்கள் கடைவாய்ப் பற்களின் மேல் படிந்து இருக்கட்டும். டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது நினைவு வந்தபோதெல்லாம் நாக்கை அங்கே கொண்டுவந்து வையுங்கள். கீழ் செட் பேச்சில் துள்ளுவது இதிலேயே பெருமளவு அடங்கும். எந்தப் பயிற்சிக்கும் நேரம் இல்லை என்பவர்கள் இந்த ஒன்றையாவது செய்ய வேண்டும்.

6. எந்த எழுத்து இடறுகிறது என்று தனியாகக் கண்டுபிடியுங்கள். “பேச்சே சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவருக்கும் புரியாது, உங்களுக்கும் வழி தெரியாது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. எந்த எழுத்து வாயின் எந்த இடத்தில், எது எதைத் தொடுவதால் பிறக்கிறது என்று அது வகுத்துச் சொல்கிறது. பல் கட்டிக்கொண்டவர்களுக்கு அந்த வகுப்பு இன்றைக்கும் அப்படியே பயன்படும். அதை இப்படி எடுத்துக்கொள்ளலாம்.

பல்லை நம்பிப் பிறப்பவை: ‘த’, ‘ந’ இரண்டும் நாக்கு நுனி மேல் முன்பல்லின் அடியில் பரந்து ஒற்றுவதால் வருகின்றன. ‘ல’வுக்கும் நாக்கு அந்தப் பக்கத்தைத்தான் தேடிப் போகும். ‘வ’ பிறக்க மேல்பல்லும் கீழுதடும் சேர வேண்டும். பல் இல்லாத காலத்தில் ஈற்றைத் தொட்டுப் பேசிப் பழகிய நாக்கு, இப்போது பல்லை எதிர்பாராமல் இடித்துக்கொள்ளும்.

அண்ணத்தை நம்பிப் பிறப்பவை: ‘ட’, ‘ண’, ‘ற’, ‘ன’, ‘ர’, ‘ழ’, ‘ள’ எல்லாம் நாக்கு நுனி மேலே எழுந்து அண்ணத்தைத் தொடுவதாலோ வருடுவதாலோ வருகின்றன, ‘ச’, ‘ஞ’ நடு நாக்கும் நடு அண்ணமும் சேர்வதால் வருகின்றன. அந்த அண்ணத்தை இப்போது தகடு மூடியிருக்கிறது. நாக்கு தொடுவது நாக்குக்குத் தெரியும், அண்ணத்துக்குத் தெரியாது. தகட்டின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர்தான் என்றாலும், அந்த அளவுக்கு வாய்க்குள் இடமும் குறைந்திருக்கும். ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகக் குழம்புவது அதனால்தான்.

உதட்டை நம்பியவை ‘ப’, ‘ம’. இவை சிரமப்பட்டால் செட்டின் உயரத்தைச் சந்தேகிக்க வேண்டும். ‘க’, ‘ங’ இரண்டும் நாக்கின் அடியும் அண்ணத்தின் அடியும் சேர்ந்து பிறப்பவை. பெரும்பாலோருக்கு அவற்றில் தொல்லை இருக்காது.

7. இடறும் எழுத்துக்கு மட்டும் பயிற்சி செய்யுங்கள். எல்லாவற்றையும் போட்டு உருட்ட வேண்டாம். ‘த’வுக்குத் தாத்தா, தந்தம், தித்திப்பு, பத்து, கத்தி. ‘ந’வுக்கு நாலு, நந்தி, நுங்கு, நெத்திலி. ‘வ’வுக்கு வாவல், வேவு, வெவ்வேறு, அவ்வை. ‘ஃப’வுக்கு ஃபேன், காஃபி, ஃபைல். ‘ர’, ‘ற’வுக்குப் பரபரப்பு, முறுக்கு, சுறுசுறுப்பு, வெற்றி. ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும்: வால், வாள், வாழ், அலை, அளை, அழை, கிலி, கிளி, கிழி. ‘ஸ்’, ‘ஷ’வுக்கு பஸ், சைக்கிள், ரேஷன், சீசன், ஆஸ்பத்திரி. முதலில் மிக மெதுவாக, நாக்கு தொடும் இடத்தை உணர்ந்து சொல்லுங்கள். பிறகு இயல்பான வேகம். பிறகு அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியம். “தாத்தா தந்த தந்தப் பெட்டி திண்ணையில் இருக்கு”, “நாலு நாளா நாத்து நனையுது” என்று உங்களுக்கு நீங்களே கட்டிக்கொள்ளலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு நாநெகிழ் வாக்கியங்கள் என்றால் விருப்பம். அவர்களோடு சேர்ந்து சொன்னால் பயிற்சி என்ற எண்ணமே வராது.

8. தினமும் உரக்கப் படியுங்கள். செய்தித்தாள், வார இதழ், தேவாரம், பைபிள், குர்ஆன் மொழிபெயர்ப்பு என்று எது பிடிக்குமோ அது. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். மனத்துக்குள் படிப்பதில் பயனில்லை. குரல் வெளியே வர வேண்டும். மற்றவர் கேட்பது கூச்சமாக இருந்தால் மொட்டை மாடியோ கதவைச் சாத்திய அறையோ நல்லது. செய்தித்தாளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: பெயர்கள், எண்கள், ஆங்கிலச் சொற்கள் எல்லாம் கலந்து வருவதால் எல்லா ஒலிகளும் தாமாகவே வந்துவிடும். பாடத் தெரிந்தவர்கள் பாடலாம். பாட்டில் உயிரெழுத்துகள் நீள்வதால் நாக்குக்கு அடுத்த எழுத்தைத் தேடிப் போக அவகாசம் கிடைக்கும்.

9. உங்கள் காதை மட்டும் நம்பாதீர்கள். செட் வந்ததும் நம் குரல் நமக்கே பெரிதாக, அடைத்தாற்போல் கேட்கும். தாடை எலும்பு வழியாகவும் ஒலி காதுக்குப் போவதுதான் காரணம். எதிரில் இருப்பவருக்கு அவ்வளவு மாற்றம் தெரியாது. போனில் ஒரே பத்தியைப் படித்துப் பதிவு செய்து வையுங்கள்; நான்கைந்து நாள் கழித்து அதே பத்தியை மறுபடி பதிவு செய்து இரண்டையும் கேளுங்கள். “ஒண்ணும் முன்னேற்றமே இல்லை” என்று மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் அந்தப் பதிவு உண்மையைச் சொல்லும். குறை அப்படியே இருந்தால், அந்தப் பதிவையே மருத்துவரிடம் போட்டுக் காட்டலாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் பலருக்குப் பேச்சு பதற்றத்தில் மாறிவிடும். வீட்டில் பேசிய பேச்சுதான் அவருக்கு உதவும்.

10. வேகத்தைக் குறையுங்கள், சத்தத்தைக் கூட்டாதீர்கள். புரியவில்லை என்று யாராவது சொன்னதும் நாம் கத்தத் தொடங்குவோம். கத்தும்போது வாய் அகலத் திறக்கும், செட் ஆடும், இன்னும் குழறும். சின்னச் சின்ன வாக்கியமாக, நடுவே மூச்சு விட்டுப் பேசுங்கள்.

11. ‘டக் டக்’ என்று பல் மோதினால் கவனியுங்கள். இதற்குக் காரணங்கள் இரண்டு மூன்று உண்டு. செட் தளர்வாக இருந்து, பேசும்போது இறங்கி மோதலாம். செட்டின் மொத்த உயரம் தேவைக்கு மேல் இருந்தால், பேசும்போது பற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போய் முட்டும். இரண்டாவது வகையில் உதடுகள் சேரவே சிரமப்படும். ‘ப’, ‘ம’ சொல்லும்போது முகம் இறுகும். மாலைக்குள் தாடை வலிக்கும். இது பழக்கத்தால் தீரும் குறை இல்லை. முதல் வாரத்து லேசான மோதலைப் பொறுத்துப் பார்க்கலாம். தாடை வலியோடு சேர்ந்து வரும் மோதலுக்குக் காத்திருக்கவே வேண்டாம், மருத்துவரிடம் போய்விடுங்கள். பீங்கான் பற்கள் வைத்தவர்களுக்கு இந்தச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

12. சீழ்க்கை ஒலியும் கொழகொழப்பும் ஒன்றல்ல. ‘ஸ்’ சொல்லும்போது நாக்கின் நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் உண்டாகி, அதன் வழியே காற்று முன்பற்களை நோக்கிப் போகும். முன் அண்ணத்தில் அந்த வழி மிகக் குறுகிவிட்டால் சீழ்க்கை கேட்கும். தகடு அங்கே கனமாகி நாக்கைத் தடுத்தால் ‘ஸ்’ தடித்துக் கொழகொழவென்று வரும். இரண்டு மூன்று வாரம் பயிற்சி செய்தும் ஏதாவது ஒன்று நீடித்தால், தகட்டின் அந்தப் பகுதியைத் தேய்த்து மெலிதாக்கவோ, கொஞ்சம் சேர்த்து வடிவம் மாற்றவோ மருத்துவரால் முடியும். ‘ஃபேன்’ என்று சொன்னால் ‘வேன்’ என்று மற்றவர் காதில் விழுகிறதா? மேல் முன்பற்கள் நீளமாகி, கீழுதட்டில் அழுந்துகின்றன என்று பொருள். இதையும் சொல்லுங்கள். இதைப் போன்ற தெளிவான குறிப்பு ஒரு மருத்துவருக்குக் கிடைப்பது அபூர்வம்.

13. வாய் வறண்டால் செட் நிற்காது. மேல் செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே மெல்லிய எச்சில் படலம் இருக்கிறது. நனைந்த இரண்டு கண்ணாடிச் சில்லுகள் ஒட்டிக்கொள்வது போல, அந்தப் படலம்தான் செட்டைப் பிடித்து வைக்கிறது. ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போக எடுக்கும் மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கக்கூடும். கட்டுப்படாத சர்க்கரையும் வாயை வறளச் செய்யும். நிறையப் பேச வேண்டிய இடத்துக்குப் போகும்போது தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். அவ்வப்போது ஒரு மடக்கு. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

14. ஒட்டும் பவுடரை நம்பி வாழ வேண்டாம். ஃபிக்ஸான் போன்ற பவுடரும் கிரீமும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. மேடையில் பேச வேண்டிய நாள், நிச்சயதார்த்தம், நேர்முகத் தேர்வு என்றால் கொஞ்சம் தூவிக்கொள்வதில் தவறில்லை. மனத்துக்கு ஒரு தெம்பு. செட்டைக் கழுவி, ஈரத்தோடு, மெல்லிசாகத் தூவ வேண்டும். நிறையப் போட்டால் செட்டின் உட்காரும் நிலையே மாறி, பேச்சு மறுபடி கெடும். பவுடர் இல்லாமல் செட் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால், செட்டின் அளவு சரியில்லை. துத்தநாகம் கலந்த பசைகளை அளவுக்கு மீறிப் பல காலம் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் செம்புச் சத்து குறைந்து நரம்புக் கோளாறு வந்திருக்கிறது. வாங்கும்போது துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

15. தும்மல், இருமல், கொட்டாவி, பெரிய சிரிப்பு. வாய் அகலத் திறக்கும்போது கன்னத்துத் தசை செட்டின் ஓரத்தை இழுக்கும். காற்றும் உள்ளே புகும். கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டால் போதும். சாதாரணச் சிரிப்புக்கே மேல் செட் இறங்குகிறது என்றால் ஓரம் நீளமாக இருக்கலாம், திருத்த வேண்டும். சிரிக்காமல் இருக்கப் பழகாதீர்கள்.

16. புண்ணோடு பேச்சு வராது. எங்கேயாவது குத்தினால் நாக்கு தானாகவே அந்த இடத்தை விட்டு விலகிப் பேசும். அந்தக் கோணல் பேச்சே பிறகு பழக்கமாகிவிடும். ஆகவே வலியைத் தாங்கிக்கொண்டு பயிற்சி செய்யக் கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, சில மணி நேரம் செட்டுக்கு ஓய்வு கொடுங்கள். மருத்துவரிடம் போகும் முன் மட்டும் செட்டை மாட்டியிருங்கள். எங்கே அழுத்துகிறது என்ற தடம் ஈற்றில் தெரிந்தால்தான் அவர் சரியான இடத்தைத் தேய்க்க முடியும். உப்புத்தாள், அரம், பிளேடு எடுத்து வீட்டிலேயே தேய்க்கும் வேலை கூடவே கூடாது. ஒரு முறை தப்பாகத் தேய்ந்தால் செட்டின் பிடிமானமே போய்விடும். செட்டைத் திருத்திய பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை, குறிப்பாகப் புகையிலை, வெற்றிலை பாக்கு பழக்கம் உள்ளவர்கள், கட்டாயம் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

17. குமட்டல் வந்தால் மேல் செட்டின் பின் ஓரத்தைக் கவனியுங்கள். பேசும்போது செட் அசைந்து அந்த ஓரம் உள் அண்ணத்தைத் தொட்டால் குமட்டும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, முதல் நாள் கொஞ்ச நேரம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் அந்த ஓரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

18. போனில் எண் சொல்லும்போது ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேஸ் கம்பெனியில் நுகர்வோர் எண், ஆட்டோக்காரருக்கு வீட்டு எண்: புதுப் பல்லோடு தடுமாறும் இடங்கள் இவைதான். போனில் உதட்டசைவு தெரியாததால் ‘சிக்ஸ்’, ‘செவன்’ குழம்பும். ஆறு, ஏழு என்று தமிழில் சொன்னால் ‘ஸ்’ தொல்லையே இல்லை. முக்கியமான போன் பேச்சை முதல் வாரத்தில் உட்கார்ந்து, அமைதியான அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

19. வீட்டில் இருப்பவர்களுக்கு. பல் கட்டிக்கொண்டவர் பேசுவதை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் செட்டைவிட நாமே காரணம். குழந்தைகள் அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தால் உடனே தடுக்க வேண்டும். அவர் சொல்ல வந்ததை நாம் முடித்து வைக்கக் கூடாது. இரண்டு விநாடி பொறுத்தால் அவரே சொல்லிவிடுவார். புரியாவிட்டால் “என்ன?” என்று அதட்டாமல், “அத்தை, கடைசி வார்த்தை மட்டும் கேக்கலை” என்று சொன்னால் அவருக்கு எந்தச் சொல் இடறியது என்பதும் தெரியும். கடைக்குப் போகும் வேலையை, போனில் பேசும் வேலையை “நீங்க சிரமப்பட வேண்டாம்” என்று பிடுங்கிக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், செட் வந்த மாமனாரைத் தினமும் சாயங்காலம் பேத்திக்குப் பாடம் வாசித்துக் காட்ட வைத்தார்கள். பேத்திக்குப் பாடமும் ஆனது, அவருக்குப் பேச்சும் வந்தது. இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

20. எல்லாப் பழியையும் செட்டின் மேல் போடாதீர்கள். இது மிக முக்கியம். நேற்று வரை ஓரளவு நன்றாகப் பேசியவருக்குத் திடீரென்று பேச்சு குழறினால், கூடவே முகம் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை துவண்டாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். “புதுப் பல், அப்படித்தான் இருக்கும்” என்று படுக்க வைத்துவிடக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, பக்கவாதம் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; சீக்கிரம் போகப் போகப் பலன் அதிகம். செட்டால் வரும் குழறல் மாட்டிய நாளில் அதிகமாக இருந்து நாளாக நாளாகக் குறையும். திடீரென்று வருவது வேறு.

21. செட்டின் வடிவம் கெடாமல் பாருங்கள். வடிவம் கெட்டால் பேச்சும் கெடும். அக்ரிலிக் கொதிநீரில் வளைந்துவிடும். சுத்தம் என்று நினைத்து வெந்நீரில் போடக் கூடாது. மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். கிளின்சோடென்ட் போன்ற இதற்கென்றே உள்ள பவுடரும் கிடைக்கிறது. பற்பசையில் உள்ள துகள் செட்டைக் கீறும். கழுவும்போது வாஷ்பேசினில் பாதித் தண்ணீர் நிரப்பிக்கொண்டால், கை தவறினாலும் உடையாது. இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈற்றுக்கு ஓய்வு கிடைக்கும், பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பும் குறையும். பல் பிடுங்கிய அன்றே செட் வைத்துக்கொண்டவர்கள் மட்டும் முதல் 24 மணி நேரம் கழற்றக் கூடாது. அதன் பிறகு மருத்துவர் சொன்னபடி.

22. எவ்வளவு நாள் பொறுப்பது? முதல் வாரத்தில் எல்லோருக்கும் குழறும். இரண்டு மூன்று வாரத்தில் வீட்டார் “இப்ப நல்லாப் புரியுது” என்பார்கள். வயதானவர்களுக்கும், முதல் முறையாகக் கீழ் செட் மாட்டியவர்களுக்கும் இன்னும் சில வாரங்கள் ஆகலாம். மாதம் ஒன்றைத் தாண்டியும் அதே எழுத்து அதே மாதிரி இடறினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். செட் செய்வதையே தனிப் படிப்பாகப் படித்த புராஸ்தோடான்டிஸ்ட் நிபுணர்கள் இருக்கிறார்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், ஊர்களில் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. பல் பிடுங்கியதும் செட் வைத்துக்கொண்டவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் எலும்பும் ஈறும் வேகமாக வற்றும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு நான்காம் மாதம் செட் ஆடத் தொடங்குவது அதனால்தான். அப்போது பெரும்பாலும் புது செட் வேண்டியதில்லை. உட்புறத்தில் அக்ரிலிக் சேர்த்து ‘ரீலைன்’ செய்தால் போதும். அப்படிச் செய்த பிறகு செட் உட்காரும் இடம் சிறிது மாறியிருக்கும் என்பதால், ஆறாம் குறிப்பில் சொன்ன எழுத்துகளை ஒரு முறை வரிசையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு மருத்துவமனையை விட்டுக் கிளம்புங்கள்.